அனில்குமாரின் டிரம்முக்குப் புதுத் தோல்

என் வீட்டுக்காரர் அனில்குமாருக்குச் சும்மா இருப்பது என்றால் என்னவென்று தெரியாது. சாப்பிட உட்கார்ந்தால் சோறு வருவதற்குள் தட்டில் ஒரு தாளம். பஸ்ஸில் ஏறினால் முன்சீட்டுக் கம்பியில் ஒன்று. குளிக்கப் போனால் வாளியின் பக்கவாட்டில் ஒன்று. பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா இவருடைய வேலையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்க, இவர் காபி டம்ளரில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் கிளம்பியதும் அப்பா, "மாப்பிளைக்கு வெப்ராளம் கொஞ்சம் கூடுதலாக்கும், ஒரு எடத்துல அடங்கி இரிக்க மாட்டாரு" என்றார். வாசிக்கிற மனுஷனுக்குக் கை அப்படித்தான் இருக்கும் என்று நான்தான் வக்காலத்து வாங்கினேன். வாங்கியதற்கு இத்தனை வருஷமாக அனுபவிக்கிறேன்.

இவருடைய அப்பா முத்துநாயகம் புதுக்கடையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். மகனைக் கடையில் உட்காரவைத்தால் எண்ணெய் டின்னில் கொட்டு நடக்கும். சாமான் வாங்க ஆள் வந்து நிற்பதே தெரியாது. பள்ளிக்கூடம் முடியும் முன்பே சிங்காரி மேளம் செட்டில் சேர்ந்து, செண்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு திருவிழா திருவிழாவாகச் சுற்றினார். அப்புறம் ரப்பர் பால்வெட்டுக்குப் போனார், விட்டார். டைல்ஸ் ஒட்டப் போனார், அதையும் விட்டார். என்னைக் கட்டி, மகள் அபினா பிறந்தபிறகு ஷார்ஜாவுக்குப் போனார். ஏசி ரிப்பேர் வேலை, நல்ல வேலைதான். ஆனால் இரட்டைக் கட்டிலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு இரும்புக் கம்பியில் இவர் தட்டிய தட்டில் கீழ்த்தட்டுக்காரன் சண்டைக்கு வந்தான். அறையை மாற்றிக் கொடுத்தார்கள். அங்கேயும் அதே கதை. ஒப்பந்தம் முடிகிறவரைகூட நிற்காமல் ஊருக்கு வந்து இறங்கிவிட்டார்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வீட்டுக்கு என்னென்னவோ கொண்டுவருவார்கள். இவர், கூட வேலை பார்த்தவன் ஒருவனிடமிருந்து பழைய எலக்ட்ரானிக் டிரம் ஒன்றை வாங்கி, கழற்றி, அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எழுதினால் கடுதாசி கருகிப்போகும்.

ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த டிரம் வந்தபிறகுதான் வீட்டில் கொஞ்சம் நிம்மதி. தக்கலையில் நாங்கள் குடியிருப்பது மாடி வீடு. கீழே குடியிருக்கும் வீட்டு உரிமையாளர் நீலகண்டன் சாருக்கு மத்தியானத் தூக்கம் கலைந்தால் மாடிப்படி அதிர ஏறி வந்துவிடுவார். இந்த டிரம்மில் அடித்தால் வெளியே சத்தம் வராது. வட்டத்தின் மேல் தோலுக்குப் பதிலாக நைலான் வலையை இழுத்துக் கட்டியிருக்கும். வலைக்கு அடியில் ஒரு சின்னப் பஞ்சுக் கூம்பு. அடி விழுந்ததும் அந்தக் கூம்பு வாங்கி, வயர் வழியாகப் பக்கத்திலிருக்கும் பெட்டிக்குச் சொல்லும். பெட்டிதான் சத்தத்தை உண்டாக்கி இவர் மாட்டியிருக்கும் ஹெட்போனுக்குள் அனுப்பும். அறையில் நிற்கிற எனக்குக் கேட்பது தலையணையைத் தட்டுகிற பொத் பொத் மட்டும். இவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டி வாசிப்பார், நான் ஒரு பக்கம் தேங்காய் திருவிக்கொண்டிருப்பேன். உள்ளே என்ன ஓடுகிறது என்று நான் கேட்டதில்லை. சத்தம் இல்லாவிட்டால் போதும் எனக்கு.

கச்சேரி என்று வந்தால் ஹெட்போனுக்குப் பதில் ஸ்பீக்கர். சத்தியபாய் அக்காவின் கானமேளா குழுவில் இவர்தான் டிரம். அக்கா பாடுகிறவர், குழுவின் முதலாளியும் அவர்தான். கொஞ்சம் வாய் நீளம். கீபோர்டு வாசிப்பது சூசை. இவருக்கு நிலைத்து நின்ற ஒரே வேலை இதுதான். டைல்ஸையும் ஷார்ஜாவையும் விட்டெறிந்த மனுஷன் இந்தக் குழுவை மட்டும் காய்ச்சலோடுகூட விட்டதில்லை. இடது கைதான் அண்ணனின் சரக்கு என்று சூசை சொல்வான். பெரிய அடிகளுக்கு நடுவே இடது கைக் குச்சியால் மெல்ல மெல்லத் தூவுவாராம். சாதாரணப் பாட்டும் அதில் குலுங்கிக்கொண்டு நடக்குமாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள். கச்சேரிக்கு விடிய விடிய முழித்திருக்க என்னால் ஆகாது.

பங்குனியில்தான் சங்கடம் தொடங்கியது. புதுக்கடைப் பக்கம் ஒரு கோவில் கச்சேரி. அக்கா மெதுவான பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருக்கும்போது, தாளத்துக்கு நடுவே வேண்டாத இடத்தில் சின்னச் சின்ன அடிகள் கேட்டிருக்கின்றன. முதலில் ஒன்று, பிறகு சேர்ந்தாற்போல மூன்று நான்கு. அக்கா பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தாராம். கச்சேரி முடிந்ததும், "அனிலே, எனக்க பாட்டுக்கு எடையில ஆரோ கதவத் தட்டுதது போல இரிக்கு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சூசை வந்து டிரம்மைப் பார்த்தான். மடிக்குப் பக்கத்தில் இருக்கும் வட்டத்துக்கு ஸ்நேர் என்று பெயர். அதிகம் அடி வாங்குவது அதுதான். அதன் வலை நடுவில் தேய்ந்து பளபளவென்று ஆகி, கொஞ்சம் தொய்ந்தும் இருந்தது. தோல் போய்விட்டது அண்ணே, மாற்றிவிட்டால் சரியாகும் என்றான். வலையாக இருந்தாலும் இவர்கள் வாயில் அது தோல்தான்.

அடுத்த கச்சேரியிலும் அதே கதவுத் தட்டல். அக்காவுக்குப் பொறுமை தீர்ந்தது. தக்கலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பகல் விருந்துக் கச்சேரி வருகிறது, அதிலும் இப்படி நடந்தால் சூசையின் லேப்டாப்பில் ட்ராக் ஓட விட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். ட்ராக் என்றால் தாளம் முழுவதும் முன்கூட்டியே பதிந்து வைத்தது. பட்டனைத் தட்டினால் பாட்டு முடியும்வரை அதுபாட்டுக்கு ஓடும். பக்கத்துக் குழுக்கள் பலவும் அதற்கு மாறிவிட்டன. அதற்குச் சோறு போட வேண்டாம், வேனில் இடம் வேண்டாம், பிழையும் வராது. இவர் வீட்டுக்கு வந்து என்னிடம் இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனார்.

புதுத் தோலுக்கு ஆன்லைனில் சொல்லியாயிற்று. அது வந்து சேர்வதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. காலையில் எழுந்ததும் போனை எடுத்து பார்சல் எங்கே வருகிறது என்று பார்ப்பார். பல் தேய்த்துவிட்டு மறுபடியும் பார்ப்பார். கோயம்புத்தூரில் நிற்கிறது என்று காட்டினால் கோயம்புத்தூரையே திட்டுவார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கூரியர் ஆபீஸுக்கு தினமும் நடந்துபோய், அங்கே இருந்த பெண்ணிடம் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவள் இவரைக் கண்டதும் தூரத்திலேயே கையை ஆட்டி இல்லை என்று சொல்லப் பழகிவிட்டாள். வீட்டுக்குள் நடை. மொட்டைமாடியில் நடை. நடக்கும்போது தொடையில் தட்டு. இரும், ஒரு இடத்தில் இரும் என்று நான் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

ஒரு வழியாகப் பார்சல் வந்தது, ஞாயிற்றுக்கிழமை கழற்றி மாட்ட உட்கார்ந்தோம். தரையில் பழைய வேட்டியை விரித்து, ஸ்நேரை அதன்மேல் வைத்து, சின்னச் சாவியால் சுற்றியிருந்த போல்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். வளையம் கையோடு வந்தது. பழைய வலையைத் தூக்கினால் உள்ளே தூசியும் குச்சியின் மரத்தூளும். நசுங்கிக் கிடந்த பஞ்சுக் கூம்பை எடுத்துவிட்டு, சூசை கொடுத்திருந்த புதுசை ஒட்டினார். புது வலையை வைத்து, வளையத்தைப் போட்டு, போல்டுகளை மாட்டினார். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்குதான்.

அப்புறம்தான் இவருக்குள் இருந்த செண்டைக்காரன் எழுந்தான். செண்டைக்குத் தோல் ஏற்றுவது காதை வைத்து. கயிற்றை இழுப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், மறுபடியும் இழுப்பார்கள். அந்தக் கணீர் வருகிறவரை விடமாட்டார்கள். இவரும் சாவியைத் திருகினார், குச்சியால் தட்டினார், காதைச் சாய்த்துக் கேட்டார். பொத் என்றது. திருகினார், தட்டினார். பொத். இன்னும் ஏறவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். வயர் மாட்டாமல் அது எப்படிக் கணீர் என்று சொல்லும் என்று கேட்டேன். "நீ பேசாம இரி ஏட்டி. தோலு ஏறினா தன்னால சொல்லும்" என்றார். முகம் சிவக்க, சாவியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு திருகு திருகினார். அது சொல்லிவிட்டது. வளையத்தை ஒட்டிச் சர்ரென்று ஒரு பக்கம் முழுக்கக் கிழிந்துபோயிற்று.

நான் சிரித்துவிட்டேன். யார் இருந்தாலும் சிரித்திருப்பார்கள். ஆனால் இவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கிழிந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனவர் சாயங்காலம்தான் வந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டதற்குக் குழித்துறை வரைக்கும் சும்மா பஸ்ஸில் போய்விட்டு வந்தேன் என்றார். ஒரு வலை கிழிந்ததற்கு இவ்வளவா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டாவது பார்சலுக்கு மறுபடியும் அதே நடை, அதே கூரியர் ஆபீஸ். கல்யாண மண்டபக் கச்சேரி நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை சூசை போனிலேயே இருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தான். காதை மறந்துவிடுங்கள், கட்டைவிரலால் நடுவில் அமுக்கிப் பாருங்கள். ஒரு போல்டை அரைத் திருகு திருகினால் அடுத்தது அதற்கு நேர் எதிரில் உள்ளது. இவர் நல்ல பிள்ளையாகக் கேட்டுச் செய்தார். கட்டைவிரலுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்துவிட்டுத் திரும்பி எழும்பிற்று வலை. எனக்கே அதைத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது.

உடனே வயரை மாட்டிப் பார்க்க வேண்டியதுதானே. அதுதான் இல்லை. புதுத் தோலுக்கு முதல் அடி கோவிலில்தான் விழ வேண்டும். அது இவருடைய பழைய மேளம் செட்டின் வழக்கம். ஸ்நேரை மட்டும் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு இவர் பின்னால் உட்கார, நான் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு இசக்கியம்மன் கோவிலுக்குப் போனேன். பூசாரி பூவைப் போட்டு, குங்குமத்தை வைத்து, அடிக்கச் சொன்னார். இவர் குச்சியை எடுத்து வாசித்தார். பூசாரி தீபத்தட்டோடு காத்துக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, எப்போது தொடங்குவீர்கள் என்று கேட்டார். முடிந்துவிட்டது என்று இவர் சொன்னார். அப்படியானால் அம்மனுக்கும் கேட்டிருக்காது என்று பூசாரி தட்டை நீட்டினார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பொருத்தி, வயரை மாட்டி, ஹெட்போனை வைத்துக்கொண்டு வாசிக்க உட்கார்ந்தார். வெயில் தாழ்ந்து அறைக்குள் நல்ல வெளிச்சம். ஒரு வேகப் பாட்டு வாசித்தார், முகம் மலர்ந்தது. அப்பாடா என்று நான் அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வயரை மாற்றிக்கொண்டிருந்தார். மறுபடி வாசித்தார். மறுபடி கழற்றினார். வளையத்தைத் தட்டிப் பார்த்தார், சாவியால் ஒரு போல்டைத் தொட்டார், விட்டார். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, ஒரு குச்சியைக் கொடுத்து, ஸ்நேரில் அடி என்றார். அடித்தேன். இன்னொன்று என்றார். அடித்தேன். நீ அடித்தால் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லும்போது இவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ஹெட்போனைப் பிடுங்கி என் தலையில் மாட்டிக்கொண்டு, வாசியுங்கள் என்றேன்.

இவர் வாசித்தார். அந்த டிரம் வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் அதைக் கேட்கிறேன். தலையணைத் தட்டல் என்று நினைத்துக்கொண்டிருந்ததற்குள் ஒரு திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. சூசை சொன்ன இடது கைத் தூவல் இதுதான் போலிருக்கிறது. பெரிய அடி விழுந்து அடங்குவதற்குள் அதன் ஓரத்தில் பொடிப்பொடியாக எதையோ சிந்திக்கொண்டு போனார். எனக்குப் பாட்டுக் கீட்டு ஒன்றும் தெரியாது. ஆனால் உடம்பு சிலிர்த்தது. பிறகு மெதுவான பாட்டுக்கு மாறினார். வலது கை ஒன்று அடித்துவிட்டு அடுத்த அடிக்குக் காத்திருக்கிற இடைவெளியில் டிக் டிக் என்று கேட்டது. நான் இவர் கைகளைப் பார்த்தேன். இரண்டு கையும் அடிக்கவில்லை. இடது கை மட்டும் குச்சியின் நுனியை வலையின்மேல் வைத்தபடி காத்திருந்தது.

"வாசிக்காண்டாம். குச்சிய சும்மா வச்சிருங்க, அது போதும்" என்றேன்.

வைத்தார். வலது கையை மடியில் போட்டுக்கொண்டார். என் காதுக்குள் டிக் டிக் டிக் என்று வந்துகொண்டே இருந்தது, நிற்கவே இல்லை. அதில் தாளம் ஒன்றும் இல்லை. பழைய தொய்ந்த வலைக்கு அதில் பாதியாவது கேட்காமல் போயிருக்கும். புதுசு ஒன்றையும் விடாமல் எடுத்துச் சொல்லிற்று.

நான் ஹெட்போனைக் கழற்றினேன். என் முகத்தைப் பார்த்ததும் இவர் குச்சியைத் தூக்கிவிட்டார். தூக்கிய குச்சியின் நுனி காற்றிலும் ஆடியது. சட்டென்று குச்சியைக் கீழே வைத்து, கையைத் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டார். எப்போதும் ஆடிக்கொண்டிருக்கிற கையில் இது எப்போது வந்து சேர்ந்தது என்று யாருக்குத் தெரியும்? நான் அந்தக் கையை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டேன். என் இரண்டு கைக்குள்ளும் அது அடங்கவில்லை.

இவர் கையை விடுவித்துக்கொண்டார். சூசையிடம் சொல்ல வேண்டாம் என்றார். பிறகு பெட்டியில் ஒரு பட்டனை அழுத்தினார். எவ்வளவு மெல்லிய அடிவரை பெட்டி காதில் வாங்க வேண்டும், எதற்குக் கீழே உள்ளதைக் கண்டுகொள்ளக் கூடாது என்று வைப்பதற்கு அதில் ஓர் எண் உண்டாம். அதைக் கூட்டிக்கொண்டே போனார். ஹெட்போனை மறுபடி என் தலையில் மாட்டிவிட்டு, குச்சியை வலையில் வைத்து, இப்போது கேட்கிறதா என்று கேட்டார். கேட்கிறது என்றேன். இன்னும் கூட்டினார். பிறகு கேட்கவில்லை. இவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. திங்கட்கிழமையே ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். "கல்யாணம் கழியட்டு சபி. அதுவரை ஒண்ணும் சொல்லாத" என்றார். இந்த மனுஷனோடு வாழ்ந்து வாழ்ந்து எனக்கும் அவருடைய வெப்ராளம் ஒட்டிக்கொண்டது. அந்த வாரம் ஜவுளிக்கடையில் ஒருத்திக்குப் பச்சைச் சேலையைக் காட்டிக்கொண்டே நீலத்துக்கு விலை சொன்னேன்.

கல்யாணத்தன்று லீவு போட்டுவிட்டு நானும் மண்டபத்துக்குப் போனேன். மேடைக்குப் பக்கத்தில் தூண் ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பந்தி ஒரு பக்கம், போட்டோ ஒரு பக்கம், நடுவில் பாட்டு. முதல் பாட்டு முடிகிறவரை நான் மூச்சு விட்டேனா என்று எனக்கே தெரியாது. ஒரு பிழை இல்லை. மெதுவான பாட்டு வந்தது. அக்கா பாடிக்கொண்டே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். கதவை யாரும் தட்டவில்லை.

ஆனால் வேறொன்றும் கேட்கவில்லை. இவருடைய இடது கை ஓடுவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடிகளுக்கு நடுவே அது பொடிப்பொடியாகச் சிந்திக்கொண்டு போகிறது. ஸ்பீக்கரில் ஒன்றுமே வரவில்லை. நடுக்கத்தைக் கேட்காதே என்று சொல்லி வைத்த பெட்டி அந்தத் தூவலையும் சேர்த்துக் கேட்காமல் விட்டுவிட்டது. மிச்சம் வந்தது டம் டம் என்று வெறும் கணக்குக்கு ஓர் அடி. ஜனம் கை தட்டியது. குழந்தைகள் மேடைக்கு முன்னால் ஆடினார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. இவர் கூட்டத்தைப் பார்க்காமல் ஸ்நேரையே பார்த்துக்கொண்டு வாசித்தார். அந்த நேரத்தில் எனக்கு அந்தக் கூட்டத்தின்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

கடைசிப் பாட்டு முடிந்து, ஸ்பீக்கரை நிறுத்தி, சூசை அதன் வயர்களைச் சுருட்டத் தொடங்கினான். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாக வந்தார். "கொள்ளாம் அனிலே. தோலு மாத்தினது நல்லதாப் போச்சு. இனி ட்ராக்கு ஒண்ணும் வேண்டாம், இப்பிடியே இரிக்கட்டு" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சரி அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், மற்றதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணாலேயே இவரிடம் சொன்னேன். இவர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"இன்னைக்கு நீங்க கேட்டது பாதிதான் அக்கா" என்றார். "மத்தப் பாதிய நான் பெட்டிக்குள்ள பூட்டி வச்சிட்டேன்."

அக்காவுக்குப் புரியவில்லை. இவர் பட்டனை அழுத்தி எண்ணைப் பழையபடி கீழே கொண்டுவந்தார். ஹெட்போனை எடுத்து அக்காவிடம் நீட்டினார். அக்கா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டதும் இவர் இடது கைக் குச்சியின் நுனியை வலைமேல் வைத்தார். வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். அக்கா ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்தார். சூசை சுருட்டிய வயரைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா ஹெட்போனைக் கழற்றி மெல்லக் கீழே வைத்தார். இது எப்போது முதல் என்று கேட்டார். அதற்குப் பதில் எனக்குத் தெரியும் என்றுதான் நான் நினைத்தேன். பங்குனியில்தானே கதவுத் தட்டல் தொடங்கியது. இவர், போன ஆவணி ஓணத்துக்கு முன்பிருந்தே என்றார்.

அக்கா இவர் தோளைத் தொட்டார். அவர் குரலில் அவ்வளவு கனிவை நான் கேட்டதில்லை. "முதல்ல டாக்டரப் பாரு மக்கா. எனக்க வண்டியிலேயே கூட்டிட்டுப் போறேன். பாட்டப் பொறவு பாக்கலாம். அதுவரைக்கும் ட்ராக்கு ஓடட்டு" என்றார். இவர் தலையை ஆட்டினார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிப் போனார், சூசையும் பின்னாலேயே போனான்.

நான் மேடைமேல் ஏறினேன். அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. ஓணத்துக்கு முன்பே தெரியுமென்றால் அந்தப் பார்சலும், அந்த நடையும், கூரியர் ஆபீஸும், கிழித்ததும், மறுபடி வாங்கியதும், கோவிலும் எதற்கு? கை என்று தெரிந்த மனுஷன் தோலை எதற்கு மாற்ற வேண்டும்? சுற்றிலும் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்க, அதையெல்லாம் பாராமல் கேட்டுவிட்டேன்.

இவர் சாவியை எடுத்து ஸ்நேரைத் தாங்கியிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"கையா இல்லாம தோலா இரிக்கட்டுண்ணுதான் மாத்தினேன் சபி."

நான் அங்கேயே மேடைப்படியில் உட்கார்ந்து, பந்திக்குப் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.